உரிகிற பூச்சு வேண்டாம், தேய்கிற பூச்சு வேண்டும்

தை பிறந்து வெயில் கொஞ்சம் நிலைத்ததும், கொடைக்கானலில் பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். “வராந்தா பலகையெல்லாம் கறுத்துப் போச்சு. என்ன கலர் அடிக்கலாம்? எந்தக் கம்பெனி நல்லது?” செண்பகனூரில் எங்கள் வீட்டு மர வராந்தாவைப் புதுப்பித்ததிலிருந்து ஆரம்பித்த கதை இது. அதற்குப் பிறகு பல வீடுகளின் தளங்கள், படிகள், கிராதிகள் என்று ஆசாரிகளோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மலையில் வெளிப்புற மரத்துக்கு, காலப்போக்கில் தேய்ந்து மங்குகிற பூச்சைத் தேர்ந்தெடுங்கள். தோல் தோலாக உரிகிற பூச்சைத் தொடாதீர்கள். நிறம், விலை, கம்பெனி எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பூச்சு எதுவானாலும், அது நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மலை மரத்தை என்ன செய்கிறது

1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்று நிற்கிற பழைய கொடைக்கானல் வீடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். கல் சுவர், தகரக் கூரை, முன்னால் மரத்தளம் போட்ட ஒரு வராந்தா. இப்போது கட்டுகிற காட்டேஜ்களிலும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு ‘டெக்’ இல்லாவிட்டால் மனசு ஆறுவதில்லை. இரண்டுக்கும் எதிரி ஒன்றே: வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிப்பது.

குளிர் ஊரில் வெயில் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். சூரியனைக் கவனிப்பதற்காகவே 1899-இல் இங்கே ஆய்வகம் அமைத்தார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பது கணக்கு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். திண்டுக்கல்லில் அடிக்கிற வெயிலைவிட இங்கே உடம்புக்கு இதமாக இருக்கும்; மரத்துக்கு அது இன்னும் கடுமையானது.

மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் பசை லிக்னின். புற ஊதாக் கதிர் அந்த லிக்னினைத்தான் முதலில் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பது வெளிறிய நார் மட்டும். அதுதான் நாம் பார்க்கிற சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் மேல் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அதுதான் கறுப்பு. ஆக, “பலகை கறுத்துப் போச்சு” என்பதில் வெயிலின் வேலையும் ஈரத்தின் வேலையும் கலந்திருக்கிறது.

ஈரத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரம் தன் உலர் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தோடு சமநிலைக்கு வரும். ஈரப்பதம் 90-ஐத் தொட்டால், மழையே படாவிட்டாலும், அது 20 சதவீதத்துக்கு ஏறிவிடும். 20-ஐத் தாண்டினால் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வாசல்வரை வந்து நிற்கும் நாட்களில் நம் வராந்தா பலகை எந்த நிலையில் இருக்கும் என்பதை இதிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கலரை மறந்துவிட்டு முதலில் பார்க்க வேண்டியது

வராந்தாவில் இருக்கும் நாற்காலி, பூந்தொட்டி, மிதியடி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தொட்டி இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிறகு ஒரு குத்தூசியோ பழைய ஸ்க்ரூ டிரைவரோ எடுத்துக்கொண்டு, பலகையின் முனைகள், படிகளின் ஓரங்கள், தூண் தளத்தில் உட்காரும் இடம், ஆணி அடித்த இடம் ஆகிய நான்கையும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. நெம்பினால் நீளச் சிலும்பாக வரும். உளுத்த மரத்தில் முனை மெத்தென்று இறங்கும். நெம்பினால் துண்டு துண்டாகப் பொடியும். பொடிகிற இடத்துக்கு எந்தப் பூச்சும் மருந்தல்ல. அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல கட்டை வைத்து இணைக்க வேண்டும். பட்டி வைத்து மூடினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பலகையையும் சேர்த்துக் கெடுக்கும்.

பலகையின் முனையை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் மேலேறிய குழாய்கள் எல்லாம் அறுத்த முனையில் வாய் திறந்தபடி இருக்கின்றன. பலகையின் முகம் உறிஞ்சுவதைப்போலப் பல மடங்கு தண்ணீரை முனை உறிஞ்சும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உளுத்திருப்பது படியின் முனைதான்.

அடுத்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர் பலகைமேல் விழுந்தால், மழைத்தண்ணீர்க் குழாய்க்குச் செலவு செய்வதே முதல் வேலை. பலகைகளுக்கு இடையே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடுக்கில் பைன் ஊசியும் வாட்டில் இலையும் அடைத்திருந்தால், மழை நின்று வெகுநேரம் ஆன பிறகும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். தட்டையான கம்பியால் குடைந்து எடுத்துவிடுங்கள். தளத்துக்கு அடியில் காற்று ஓட வேண்டும். அடியில் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் பல. விறகை வேறிடத்துக்கு மாற்றினாலே பாதி நோய் தீரும்.

மேலே ஏற்கெனவே இருப்பது என்ன?

பழைய பூச்சு எது என்று தெரியாமல் புதியதைப் போடக் கூடாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓர் ஓரத்தில் பாலீஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேயுங்கள். கரைந்து ஒட்டினால் அது அரக்குப் பாலீஷ். அது கரையாமல் தின்னரில் இளகினால் லாக்கர். டர்பன்டைனில் மட்டும் இளகி வந்தால் மெழுகு. மூன்றுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ பெயிண்டோ பாலியூரித்தேனோ என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லாமல் மரம் வெறுமையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வேலை பாதியாகக் குறையும்.

பழைய பெயிண்ட் என்றால் நின்று யோசியுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-இல்தான். அதற்கு முந்தைய பச்சை, சிவப்பு, மஞ்சள் எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மெஷின் வைத்து உலர்வாகத் தேய்த்தால் தூள் வீடு முழுவதும் பரவும். குழந்தைகள் தவழ்கிற வீட்டில் அந்தத் தூள் நஞ்சு. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டியால் எடுங்கள். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்துச் சுரண்டியது அனைத்தையும் சேகரித்துக் கட்டுங்கள். தீ வைத்துப் பெயிண்டை இளக்குவதும், சுரண்டிய குப்பையை எரிப்பதும் அறவே கூடாது. வேலை செய்கிற ஆசாரிக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் வற்புறுத்திப் போட வையுங்கள்.

லேசான பச்சை சாயல் தெரிகிற பைன் பலகை என்றால் அது தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். அதைத் தேய்ப்பதைக் கூடியமட்டும் தவிர்த்து, கழுவி உலர்த்தி மேலே பூசுவதே சரி. அதன் துண்டுகளை அடுப்பில் போடக் கூடாது.

கழுவுதல்

இப்போது ஊர் முழுக்க பிரஷர் வாஷர் வந்துவிட்டது. தயவுசெய்து பழைய மரத்தில் அதைக் காட்ட வேண்டாம். இளகிய நார்களோடு நல்ல நாரையும் பிய்த்துப் பலகையைத் தென்னந்தும்பு மாதிரி ஆக்கிவிடும். தண்ணீரும் ஆழமாக உள்ளே ஏறும்.

துணிக்கறை போக்குவதற்கு விற்கும் ஆக்சிஜன் பிளீச்சின் அடிப்படை சோடியம் பெர்கார்பனேட். வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். பாசியும் பூஞ்சணமும் சாம்பல் படலமும் கரைந்து பழுப்பாக ஓடும். குளோரின் பிளீச்சிங் பவுடரைவிட இது மரத்துக்கு நல்லது. குளோரின், பூஞ்சையோடு சேர்த்து லிக்னினையும் தாக்கும். அருகில் இருக்கிற செடிகளையும் கருக்கும்.

இதற்குப் பிறகும் ஆணியைச் சுற்றி நீலக்கறுப்புத் தழும்பு நிற்கும். மரத்திலிருக்கும் டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. தேய்த்தால் போகாது. ஆக்சாலிக் ஆசிட் போக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 60 கிராம் என்ற கணக்கில் கரைத்துத் தடவினால், கறை கண்ணெதிரே வெளுத்து மரத்தின் தேன் நிறம் மேலே வரும். முதன்முறை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அது நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசாமல் காயவிட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் ஆசிடை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இந்த ஊரில் எல்லாமே சரிவு. நம் வராந்தாவில் ஊற்றுவது கீழ்வீட்டுக் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகும். 1863-இல் கலெக்டர் வெர் லெவிஞ்ச் அணை கட்டி உருவாக்கிய ஏரிக்கும் சுற்றியுள்ள சரிவுகளின் நீர்தான் வந்து சேர்கிறது. அளவாகக் கரைத்து, அளவாக ஊற்றி, கழுவும் நீர் ஓடைப்பக்கம் போகாமல் மண்ணில் வடியும்படி பார்த்துக்கொள்வது நம் கடமை.

காய விடுதல்

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். கழுவிய மறுநாள் வெயிலில் பலகை மேலே காய்ந்தமாதிரி இருக்கும். எங்கள் வீட்டு வேலைக்கு வந்த பெருமாள்மலை ஆசாரி, மண்டியிட்டுப் புறங்கையைப் பலகைமேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “தம்பி, நடுவுல ஜில்லுனு இருக்கு. ஓரம் காஞ்சிருக்கு, உள்ள இன்னும் ஈரம் கக்குது. ஒரு வாரம் போகட்டும். இப்ப பூசுனா தண்ணியத்தான் உள்ள வச்சுப் பூட்டுவோம்” என்றார். ஈரமானி வைத்துப் பார்த்தேன். அவர் கை சொன்னதையே அதுவும் சொன்னது.

இரண்டு முள் வைத்த ஈரமானி இப்போது எளிதில் வாங்கக் கிடைக்கிறது. 15 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பூசலாம். கொடைக்கானலில் அந்த அளவு கிடைப்பது பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை இடையிடும். அதோடு சீசன் கூட்டமும் வந்துவிடும். ஜூனுக்குப் பிறகு தென்மேற்குச் சாரல், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. நமக்குக் கிடைப்பது சிறிய ஜன்னல். பொங்கல் முடிந்ததும் கழுவ ஆரம்பித்தால் அந்த ஜன்னலை முழுதாகப் பயன்படுத்தலாம்.

உப்புத்தாள் வேலை

வெயிலில் சாம்பலான மேற்பரப்பின்மேல் எதைப் பூசினாலும் அது மரத்தைப் பிடிக்காது. ஆடுகிற நாரைத்தான் பிடிக்கும். அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910-இல் தொடங்கிய அரசு மரப்பொருள் ஆய்வகம் இதை வெகுகாலம் சோதித்திருக்கிறது. புதிதாக இழைத்த பலகையைச் சில வாரங்கள் வெயிலில் விட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தாலே அதன் பிடிமானம் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. எத்தனையோ வருடம் வெயில் பட்ட நம் பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பயப்படவும் வேண்டாம். வெயிலும் மழையும் மென்மரத்தை அரிக்கிற வேகம் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் என்றும் அந்த ஆய்வுகள் சொல்கின்றன. சாம்பலுக்குக் கீழே நல்ல மரம் அப்படியே காத்திருக்கிறது. 60-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 80-இல் முடித்தால் வெளித்தளத்துக்குப் போதும். கைப்பிடிக்கு வேண்டுமானால் 100, 120 வரை போகலாம். உள்ளே இருக்கிற மேஜை மாதிரி வழவழவென்று தேய்த்துவிட்டால் மரத்தின் துளைகள் அடைபட்டு பூச்சு உள்ளே இறங்காது. மழையில் காலும் வழுக்கும்.

தேய்க்கும் முன் மேலெழுந்த ஆணிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவோ பித்தளை ஸ்க்ரூவோ போடுங்கள். சாதா இரும்பு ஆணியை அப்படியே விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே நீலக்கறுப்பு திரும்பி வரும்.

எந்தப் பூச்சு?

கடையில் பத்துப் பெயரில் விற்றாலும் அடிப்படையில் இரண்டே குடும்பம். ஒன்று, மரத்தின்மேல் படலமாக நிற்பது: வார்னிஷ், பாலியூரித்தேன், பெயிண்ட், மரத்தை முழுதாக மறைக்கும் அடர் ஸ்டெயின். இரண்டாவது, மரத்துக்குள் இறங்குவது: எண்ணெய் ஸ்டெயின்கள். இவற்றில் நிறமில்லாதது, லேசாக நிறம் சேர்த்தது, பாதி மறைப்பது என்று படிகள் உண்டு.

படலப் பூச்சு அடித்த அன்று கண்ணைப் பறிக்கும். ஆனால் பலகை மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். படலம் அதோடு சேர்ந்து அசையத் தெரியாமல் எங்கோ ஓரிடத்தில் மயிரிழை அளவு கீறும். அந்தக் கீறலில் நுழைந்த தண்ணீர் வெளியே வர முடியாமல் படலத்துக்கு அடியில் பரவும். மரம் அங்கே கறுக்கும், பூச்சு தோல் தோலாக எழும்பும். பிறகு சரிசெய்ய ஒரே வழி, மொத்தத்தையும் சுரண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. நடந்து தேயும் தளத்தில் இது சீக்கிரமே நடக்கும்.

உள்ளிறங்கும் எண்ணெய் ஸ்டெயின் அப்படிக் கெடுவதில்லை. அது மெல்ல மங்கும். மங்கிய இடத்தைக் கழுவி, காயவிட்டு, மேலே இன்னொரு கை பூசினால் முடிந்தது. சுரண்டல் வேலையே கிடையாது. வருடாவருடம் கொஞ்சம் கவனிப்பு கேட்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கவனிப்பை வீட்டில் இருப்பவரே செய்துகொள்ளலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஸ்வீடனில் ஊர் ஊராகப் பார்க்கிற சிவப்பு மர வீடுகளுக்குப் பூசுவது ஃபாலுன் சிவப்பு. ஃபாலுன் தாமிரச் சுரங்கத்துக் கழிவு மண்ணிலிருந்து எடுத்த இரும்பு ஆக்சைடு, கோதுமைக்கு நெருங்கிய இனமான ரை தானிய மாவு, தண்ணீர், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிச் செய்தது. நூற்றாண்டுகளாகப் பூசுகிறார்கள். அது உரிவதில்லை, சுண்ணாம்பு போலப் பொடிந்து மெல்லத் தேயும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலே மறுபடி பூசுவார்கள். மேடிசன் ஆய்வகம் 1950-களில் உருவாக்கிய எண்ணெய் ஸ்டெயின் கலவையும் இதே தத்துவம்தான்: ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் மெழுகு, பூஞ்சைக்கொல்லி, நிறமி.

அந்தக் கலவையில் நிறமியும் பூஞ்சைக்கொல்லியும் ஏன் இருக்கின்றன என்பதில் நமக்கும் பாடம் இருக்கிறது. நிறமில்லாத எண்ணெய், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், புற ஊதாக் கதிரைத் தடுப்பது குறைவு. தடுப்பது நிறமிதான். அதிலும் நீடித்து நிற்பது இரும்பு ஆக்சைடு. நம் ஊர்த் திண்ணைக்கும் படிக்கும் கோயில் மதிலுக்கும் அடிக்கிற காவியும் அதே இரும்பு ஆக்சைடுதான். வெயிலில் அது எத்தனை காலம் நிற்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே நடுத்தரமான பழுப்போ காவி கலந்த பழுப்போ உள்ள பாதி மறைக்கும் ஸ்டெயினை எடுங்கள். மரத்தின் ரேகையும் தெரியும், வெயிலும் தடுக்கப்படும். டப்பாவில் ‘வெளிப்புறத்துக்கு’ என்றும், பூஞ்சைத் தடுப்பு உண்டு என்றும் இருக்க வேண்டும்.

பூஞ்சைக்கொல்லி சேர்க்காத வெறும் ஆளிவிதை எண்ணெயை மட்டும் பூச வேண்டாம். மேகம் தங்கும் இடத்தில் அது பூஞ்சணத்துக்குத் தீனி. வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய் போன்றவை காய்ந்து இறுகும் வகையல்ல. தரையில் பிசுபிசுவென்று நின்று தூசி பிடிக்கும். கரையானுக்காக உத்தரத்திலும் அடிச்சட்டத்திலும் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. கால் படாத அடிப்பக்கத்துக்கு அது பொருந்தும். தோலில் பட்டால் புண்ணாக்கும், எச்சரிக்கை.

படலப் பூச்சுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. மழை நேரடியாகப் படாத உட்கூரை, கதவு, கிராதியின் செங்குத்தான கம்பிகள் இவற்றில் வார்னிஷ் நன்றாக நிற்கும். பல வகை மரத்துண்டுகள் வைத்து ஒட்டுப்போட்ட கிராதிக்கு அடர் ஸ்டெயின் நல்ல தீர்வு. தளத்துக்கும் படிக்கும் மட்டும் வேண்டாம்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது

கடை அட்டையில் இருக்கிற நிறம் உங்கள் பலகையில் வராது. தேக்கில் ஒன்றாகவும், யூகலிப்டஸில் சிவப்பேறியும், சில்வர் ஓக்கில் வேறாகவும் இறங்கும். தேய்த்து முடித்த பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். அந்த நேரத்தில் தெரிவதுதான் நிறமில்லாத எண்ணெய் பூசினால் வரும் தோற்றம். அதிலிருந்து எவ்வளவு அடர்த்தி வேண்டும் என்று யோசியுங்கள். இரண்டு மூன்று நிறங்களைச் சின்ன டப்பாவில் வாங்கி, அதே தளத்தில் நாற்காலி மறைக்கிற ஓரத்தில் பூசிப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் ஒன்று, நிழலில் ஒன்று. காய்ந்த பிறகு காலையிலும் மாலையிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி வெளிர் நிறத்தை எடுங்கள். பின்னால் அடர்த்தியாக்கலாம், அடர்ந்ததை வெளிறாக்க மறுபடி உப்புத்தாள்தான்.

பூசும் நாள்

காலையில் பனி முழுதாக உலர்ந்த பிறகு தொடங்கி, மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பெரும்பாலான பூச்சுகளுக்கு 10 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். இங்கே மாலையில் வெப்பம் சடசடவென்று இறங்கும். காயாத பூச்சின்மேல் பனி இறங்கினால் வெள்ளை பூத்துவிடும். சுள்ளென்ற வெயிலிலும் பூசக் கூடாது. மரத்துக்குள் இறங்குவதற்கு முன்பே மேலே காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். நிழல் நகர நகர நீங்களும் நகருங்கள்.

தேக்குப் பலகையானால், பூசுவதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த துணியால் ஒருமுறை துடையுங்கள். தேக்கின் இயற்கை எண்ணெய் பூச்சைக் காயவிடாமல் செய்வது இதனால் குறையும். டப்பாவை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். நிறமி அடியில்தான் படிந்திருக்கும். ஒரு பலகையை எடுத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் பூசி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மிச்சம் படலமாகக் காயும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே வந்து சேரும். பலகை முனைகளுக்கு மட்டும் அது குடிப்பதை நிறுத்தும்வரை திரும்பத் திரும்பக் கொடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணியில் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். மர வீட்டில் இதை யாரும் மறக்கக் கூடாது.

புதுப் பலகை வேண்டியிருந்தால்

மரத்தின் இயற்கை உறுதியை நம் நாட்டுத் தர நிர்ணயம் மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. மண்ணில் புதைத்துச் சோதிக்கும்போது சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ தாங்குவது முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றாவது. வைரம் பாய்ந்த தேக்கு முதல் வகுப்பு. அதே தேக்கின் வெள்ளைப் பகுதிக்கு அந்த உறுதி கிடையாது. ஆகவே பலகை வாங்கும்போது ஓரத்தில் வெள்ளை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். மருந்தேற்றாமல் மழையில் போட அது ஏற்றதல்ல.

என் யோசனை, மதுரையிலும் காரைக்குடியிலும் பழைய வீடு பிரித்த மரம் விற்கும் கடைகளுக்குப் போய்ப் பார்ப்பது. நன்றாகப் பதப்பட்ட பழைய தேக்குப் பலகை அங்கே கிடைக்கும். மலையில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். புதுப் பலகை எதுவானாலும், பொருத்துவதற்கு முன்பே ஆறு பக்கமும் பூசிவிடுங்கள். பொருத்திய பிறகு அடிப்பக்கத்துக்குக் கை எட்டாது.

பிறகு ஒவ்வொரு தையிலும்

மழைக்காலம் முடிந்ததும் தளத்தைச் சாதாரண சோப்பு நீரில் கழுவி, காய்ந்த பிறகு அங்கங்கே சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் இந்த ஆண்டு ஒன்றும் செய்ய வேண்டாம். பரவி, பலகை அந்த இடத்தில் கறுத்து நீரைக் குடித்தால் அங்கே மட்டும் ஒரு மெல்லிய கை பூசுங்கள். வாசலிலிருந்து படிக்கு நடக்கிற தடமும், மேற்கு வெயில் படும் ஓரமும்தான் முதலில் கேட்கும். பூந்தொட்டிகளுக்கு அடியில் கால் வைத்த தாங்கி போடுங்கள். இடுக்குகளைக் குடைந்து விடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், பழைய வீடுகளில் நாம் மிதித்து நடக்கிற மரம் மறுபடி கிடைக்காது என்பதுதான். அந்தப் பருமனும் நெருக்கமான ரேகையும் உள்ள தேக்கு இன்று எந்த டிப்போவிலும் எளிதில் வராது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு டைல்ஸ் போட்ட வராந்தாக்களை ஊரில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவற்றில் பலவற்றைச் சில கிலோ ஆக்சிஜன் பிளீச்சும், கொஞ்சம் உப்புத்தாளும், ஒரு டப்பா ஸ்டெயினும், காய்வதற்கான பொறுமையும் காப்பாற்றியிருக்கும். உங்கள் பலகை கறுத்திருந்தால் டைல்ஸ்காரரைக் கூப்பிடுவதற்கு முன் குத்தூசியை எடுத்துக் குத்திப் பாருங்கள். முனை இறங்கவில்லை என்றால் அந்த மரத்தை நம்பி வேலையைத் தொடங்கலாம்.